சிலுப்பாத கிடா

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரம், மதில் எல்லாம் கிடையாது. ஒரு பெரிய புங்க மரம், அடியில் மஞ்சள் பூசிய கல், நட்டு வைத்த வேல், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே வேண்டுதலை முடிக்கப் போன இடத்தில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சைவம் இல்லை. இப்போதும் இல்லை. கள்ளக்குறிச்சியில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள் நான். வாரம் பூராவும் மெஷினை மிதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையை எடுத்துக்கொண்டு பாய் கடைக்கு நடந்தால்தான் எனக்கு அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும். "தொடைக்கறியா போடு, ஜவ்வு வோணாம்" என்று நான் அதட்டுவதும், "உனக்குன்னு தனியா ஆடு வளக்கணும்க்கா" என்று பாய் அலுத்துக்கொள்வதும் வருஷக்கணக்காக நடக்கிற கூத்து. கடை ஓரத்தில் எப்போதும் இரண்டு மூன்று ஆடுகள் கட்டியிருக்கும். அவற்றின் காதைத் தடவிவிட்டுக்கூட வந்திருக்கிறேன். அதற்கு மேல் எதையும் பார்த்ததில்லை.

என் பெண் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வயிறு வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊற வைத்துக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கட்டி என்று வந்தது. பாண்டிச்சேரி பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகிற நேரத்தில், போர்வைக்குக் கீழே அவள் முட்டி இரண்டும் நடுங்குவதைப் பார்த்தேன்.

"பயமா இருக்குதாடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கறேன்."

ஏசி குளிருக்கு எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸ். குளிரில் நடுங்குவது எது, பயத்தில் நடுங்குவது எது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? முட்டி மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. கதவு மூடிவிட்டது. அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் வேண்டினேன். என் பிள்ளை முழுசாக வெளியே வந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன், தாயே.

வந்துவிட்டாள். ஆனால் மனசு அடங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், கட்டி திரும்ப வருகிறதா இல்லையா என்று அதில்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. சாமிக்குக் கடன் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு ஸ்கேன் ரூமுக்கு வெளியே உட்காருவது?

எல்லா ஏற்பாட்டையும் என் மூத்தார்தான் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நல்ல மனுஷன்தான், ஆனால் எதிலும் அவசரம். பந்தியில் இலை போடுவதற்குள் சாம்பாரோடு வந்து நிற்கிற ரகம். சந்தையில் நல்ல கறுப்புக் கிடாவாக அவரே பிடித்து வந்தார். விடியற்காலையில் வேன் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் ஏறி, அண்டா, குண்டான், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிய பிறகுதான் கிடாவின் ஞாபகம் வந்தது. நாலு காலையும் கட்டி, கடைசி சீட்டுக்குப் பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் கிடத்தினார்கள்.

கச்சிராயபாளையம் வரைக்கும் அது ஓயாமல் கத்திக்கொண்டு வந்தது. பேச்சுச் சத்தமே காதில் விழவில்லை. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் அண்டா உருண்டு அதன் மேல் இடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கத்தலும் நின்றுவிட்டது. "அப்பாடா, தூங்கிடுச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். என் பெண் மட்டும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாந்தி வருகிறதோ என்று எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன்.

கோயிலுக்குப் போனால் எங்களுக்கு முன்னால் இன்னொரு குடும்பம் கிடா வெட்ட நின்றுகொண்டிருந்தது. எங்கள் கிடாவை இறக்கிக் கட்டை அவிழ்த்தார்கள். எழுந்து நிற்க அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புங்க மரத்து வேரில் கட்டினார்கள். அதற்கு எதிரிலேதான் அவர்கள் கிடாவை வெட்டினார்கள். பம்பைச் சத்தம், குலவை, மண்ணில் ரத்தம். எங்கள் கிடா கத்தவில்லை, இழுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றது. போட்ட தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பொங்கல் பானை பொங்குகிற திசைதான் முக்கியமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிடாவுக்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறித் தண்ணீரைத் தெறிக்க விட வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, கிடாவும் சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டவே கூடாது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடா அப்படியே நின்றது.

மறுபடியும் தெளித்தார். குலவை போட்டோம். கிடா அசையவில்லை. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது. என்ன குறை வைத்தோம்? சாமி ஏன் வேண்டாம் என்கிறது? அடுத்த வாரம் ஸ்கேன். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரத்தைக் கொளுத்தி, "தாயே, ஏத்துக்கோ, தெரியாம எதுனா பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோ" என்று அழுதே விட்டேன். என் பெண் என் பக்கத்தில் வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

வெயில் ஏறியது. குழந்தைகள் பசி என்று அழ ஆரம்பித்தன. மூத்தார் பொறுமை இழந்துவிட்டார். "காதுல ஊத்து பூசாரி, தானா சிலுப்பும்" என்றார்.

"அதெல்லாம் நான் பண்றதில்லீங்க."

மூத்தாரே சொம்பை வாங்கிக் கிடாவின் காதில் தண்ணீரை ஊற்றினார். எந்த ஆடாக இருந்தாலும் காதில் தண்ணீர் போனால் உதறித்தான் தீரும். இது தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்போதுதான் அதன் முன்னங்கால்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. அந்த ஆட்டம் தோளுக்கு ஏறி, முதுகுத் தோல் லேசாகத் துடித்தது.

"சிலுப்பிடுச்சு! பாரு, சிலுப்பிடுச்சு!" என்று மூத்தார் கத்தினார். எல்லோரும் குலவை போட்டார்கள். பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ கிடாவின் கழுத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள்.

பூசாரி கத்தியை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேண்டிக்கினது நீதானம்மா? நீ சொல்லு. சிலுப்புச்சா?"

ஒரே ஒரு வார்த்தை. 'ஆமா' என்றால் முடிந்தது. வேண்டுதல் தீரும், பந்தி நடக்கும், நான் நிம்மதியாக மலை இறங்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கண் அதன் முட்டிக்குப் போய்விட்டது. அந்த நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். போர்வைக்குக் கீழே. கையை வைத்து அழுத்தியும் நிற்காத நடுக்கம்.

என் பெண்ணாவது அவள் பிழைப்பதற்காக நடுங்கினாள். இது எதற்காக நடுங்குகிறது? இதுவும் என் பெண் பிழைப்பதற்காகத்தான்.

"இல்லீங்க. சிலுப்பல. அது நடுங்குது" என்றேன்.

பம்பை நின்றது. மூத்தார் என்னை முறைத்தார். "இன்னா பேசற நீ? எல்லாரும் கண்ணால பாத்துக்கினு இருக்கறோம். சிலுப்பிடுச்சுன்னு சொல்லும்மா."

"பயத்துல நடுங்குது மாமா. காலைல இருந்து தண்ணி கூட வைக்கல அதுக்கு. கண்ணு முன்னாடி இன்னொண்ண வெட்டனாங்க. இத சம்மதம்னு நான் எப்படி சொல்றது?"

"வாரம் தவறாம கறி திங்கற வாயி, இன்னிக்கு ஆட்டுக்கு வக்காலத்து வாங்குதா? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையாயில்ல இருக்குது!" என்றார் அவர். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு சொன்னதுதான் பொறுக்க முடியாதது. "உன் பொண்ணு உசுர விட ஆட்டு உசுரு பெருசா போச்சா உனக்கு? அடுத்த வாரம் எதுனா ஆச்சுன்னா அப்ப தெரியும்."

என் பிள்ளையின் உயிரை வைத்து நானே சூதாடிவிட்டேனோ என்று தோன்றியது. இப்போதுகூட 'ஆமா' என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அதற்குள் என் பெண் போய்க் கயிற்றைப் பிடித்திருந்தவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு வேகமாக நடக்க வராது. மெதுவாக, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிடாவைக் கொட்டகைக்குப் பின்னால் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாலையைக் கழற்றினாள். பொங்கலுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குண்டானில் ஊற்றி வைத்தாள். அது முதலில் குடிக்கவில்லை. அவள் தள்ளிப் போய் உட்கார்ந்த பிறகு வாயை வைத்தது. வைத்த வாயை எடுக்கவே இல்லை.

நாங்கள் காத்திருந்தோம். தண்ணீர் குடித்துக் கொஞ்சம் தழை தின்ற பிறகு பூசாரி இன்னொரு தடவை தெளித்துப் பார்த்தார். அப்போதும் சிலுப்பவில்லை. "சாமி அவசரப்படல. கிடா இங்கியே எங்க ஆட்டோட இருக்கட்டும். அடுத்த ஆடிக்கு வாங்க" என்று முடித்துவிட்டார். சர்க்கரைப் பொங்கலையும் அவசரத்துக்குக் கிளறிய தக்காளி சாதத்தையும் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். கறிச் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேனில் பின்னால் காலி அண்டா மட்டும் உருண்டுகொண்டே வந்தது.

அந்த ஒரு வாரம் நான் தூங்கவே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. கிடாவை வெட்டாததால் சாமி மகிழ்ந்தது என்று கதை கட்டினால், வெட்டினால் மகிழும் என்று சொன்னவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கட்டி இல்லை, அவ்வளவுதான்.

என் பெண் அதற்குப் பிறகு கறி தொடுவதில்லை. நான் விடவில்லை. வாரா வாரம் இல்லை, எப்போதாவது வாங்குவேன். கொஞ்ச நாள் கழித்துப் பாய் கடைக்குப் போனபோது, முதல் தடவையாகக் கட்டியிருந்த ஆடுகளின் காலைப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுக்கு முன்னங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முகத்துக்கு நேரே உரித்த ஆடு தொங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து பாயிடம் மலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். "எங்க மார்க்கத்துலயும் அதான்க்கா சொல்லியிருக்குது. ஒண்ணு பாக்க ஒண்ண அறுக்கக் கூடாது. அது கண்ணு முன்னாடி கத்தி தீட்டக் கூடாது. எங்க அத்தா இருந்த வரைக்கும் பாத்து பாத்து செய்வாரு. இப்ப கூட்டம் ஜாஸ்தி, இடம் கம்மி. வுட்டுப் போச்சு" என்றார். மறு வாரம் போனபோது ஆடுகளைப் பக்கத்துச் சந்துக்கு மாற்றி, நடுவில் ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டியிருந்தார். "ஜவ்வு வோணாம்" என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அடுத்த ஆடி வந்தது. வேண்டுதல் வேண்டுதல்தான், போய்த்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை நானும் என் வீட்டுக்காரரும், மூத்தாரும் மட்டும் போனோம். பெண் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மூத்தாருக்கு என் மேல் இருந்த கோபம் ஸ்கேன் முடிவு வந்த அன்றைக்கே போய்விட்டது. அவர்தான் முதலில் இனிப்பு வாங்கி வந்தவர்.

கிடாவை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மலைக்காட்டில் மேய்ந்து உருண்டு திரண்டிருந்தது. ரோமம் பளபளத்தது. பூசாரி ஒரு சத்தம் கொடுத்தார், அவ்வளவுதான், மந்தையிலிருந்து பிரிந்து தானாக வந்தது. கயிறு வேண்டியிருக்கவில்லை. புங்க மரத்தடியில் வந்து நின்று, அவர் கையில் வைத்திருந்த தழையைத் தின்ன ஆரம்பித்தது. நான் அதன் கால்களைப் பார்த்தேன். நாலும் ஊன்றி நின்றன.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். தெளித்த கை இறங்குவதற்குள் கிடா சிலுப்பியது. தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே உதறல். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. சிலுப்பிவிட்டு மறுபடியும் தழைக்கு வாயைக் கொண்டுபோனது.

பூசாரி என்னைப் பார்த்தார். போன வருஷம் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை கேட்காமலே கேட்டார்.

நான் என்ன சொல்ல முடியும்? வழக்கப்படி எல்லாம் சரியாக இருந்தது. யாரும் அதைக் கட்டவில்லை, பட்டினி போடவில்லை, காதில் ஊற்றவில்லை. அது பயப்படவில்லை. நான் போன வருஷம் எதையெல்லாம் இல்லை என்றேனோ, அது எல்லாம் இப்போது இருந்தது. ஆனால் முகத்தில் மஞ்சள் தண்ணீர் வழிய நிற்கும்போது எனக்குத் தோன்றியது வேறு. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறும். உதறியது அது. சம்மதம் என்று பெயர் வைத்தது நாங்கள். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பார்கள். சின்ன வயசிலிருந்து அந்தப் பழமொழியை யாராவது ஏமாந்தால் கேலி செய்யச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் ஆடு என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைத்தது.

"ஆமாங்க. சிலுப்பிடுச்சு" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சம்மதம் என்று சொன்ன வாய் என்னுடையது, பார்க்க வேண்டிய கண்ணும் என்னுடையதுதான். ஒரே வெட்டு. நான்தான் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தேன். பூசாரி வீட்டுக்கும் மலையில் இருந்தவர்களுக்கும் போட்டுவிட்டு, என் இலையிலும் இரண்டு துண்டு வைத்துக்கொண்டேன். தின்றேன். மெதுவாக, கடைசி எலும்பு வரைக்கும் தின்றேன். அதை வீணாக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் பெண், "நடுங்குச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதும் எப்போதாவது கறி எடுத்துக் குழம்பு வைக்கிறேன், தட்டில் போட்டுக்கொண்டும் உட்காருகிறேன். ஆனால் முதல் வாய் எடுக்கும்போது, பயந்து நடுங்கிய அந்தக் கால்களைவிட, எங்களை நம்பி நடுங்காமல் நின்ற அந்தக் கால்கள்தான் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்துகின்றன.